21 டிகிரியில் கால் ஏன் சில்லிடுகிறது?

டிசம்பர் மாதம், இரவு பதினோரு மணி, பெங்களூரு. சாதாரணமான இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஒன்றின் படுக்கையறையில் தெர்மாமீட்டர் 21 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. தரையில் வைத்தாலும் 21, கட்டில் காலில் வைத்தாலும் 21, சுவரோரம் சுருட்டி வைத்திருக்கும் கோரைப்பாயிலும் அதே 21. ஆனால் வெறுங்காலோடு கிரானைட் தரையில் நின்றால் குளிர் முழங்கால் வரை ஏறுகிறது. அதே இடத்தில் பாயை விரித்து நின்றால் ஒன்றும் தெரிவதில்லை. கருவி பொய் சொல்லவில்லை, காலும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன.

எதிரே இருக்கும் பொருளின் வெப்பநிலை நம் தோலுக்குத் தெரியாது. தன் சொந்த வெப்பநிலை என்ன, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது மட்டுமே தெரியும். 31 டிகிரியில் இருக்கும் உள்ளங்கால் 21 டிகிரித் தரையைத் தொடும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு வெப்பநிலை உண்டாகிறது. அது சரிபாதியாக 26இல் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்தப் பொருள் வெப்பத்தை வேகமாக வாங்கித் தனக்குள் பரப்பிக்கொள்கிறதோ அதன் பக்கம் சாயும். கிரானைட் அடர்த்தியானது, வெப்பத்தை நன்றாகக் கடத்தக்கூடியது. அதைத் தொட்டதும் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 24 டிகிரிக்கு விழுந்துவிடும். தேக்குப் பலகையாக இருந்தால் 28இல் நிற்கும். நாரும் காற்றுமாக இருக்கும் கோரைப்பாயில் 29ஐத் தொடும்.

இந்த நான்கைந்து டிகிரி வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். தோலின் நரம்பு முனைகளுக்கு அது அற்பமில்லை. அங்கே டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் இருக்கிறது. சுமார் 26 டிகிரிக்குக் கீழே போனால் அது திறந்துகொண்டு மூளைக்குக் குளிர் என்று செய்தி அனுப்பும். டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2002இல் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் வழிகளைக் கண்டறிந்ததற்காக இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. தலைவலித் தைலத்தில் இருக்கும் மென்தாலும் இதே புரதத்தைத்தான் திறக்கிறது. நெற்றியில் தைலம் தடவினால் சில்லென்று இருப்பதற்கும் கிரானைட் தரை சில்லிடுவதற்கும் காரணம் ஒன்றுதான். பாயும் பலகையும் 26க்கு மேலேயே நம்மை நிறுத்திவிடுவதால் அந்தச் செய்தி புறப்படுவதே இல்லை.

கால் சில்லிட்டால் என்ன, போர்வைக்குள் போனால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். சரியாகும், ஆனால் நேரமாகும். அந்த நேரம் தூக்கத்திலிருந்து கழிகிறது. இரவு நெருங்கும்போது உடலின் உள்வெப்பநிலை மெல்ல இறங்கத் தொடங்கி, விடியற்காலையில் பகலைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாக நிற்கும். அப்படி இறங்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் சூடு வெளியேற வேண்டும். வெளியேறும் வாசல் கைகளும் பாதங்களும்தான். தூக்கம் வரும் முன் அங்கிருக்கும் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, உள்ளங்கை உள்ளங்கால் வெதுவெதுப்பாகின்றன. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து ஆய்வாளர் குர்ட் கிரௌகியின் குழு 1999இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதியது. ஒருவர் எவ்வளவு சீக்கிரம் தூங்குவார் என்பதை அவருடைய பாதங்கள் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கின்றன என்பதை வைத்தே நன்றாகக் கணிக்க முடிகிறதாம். குளிர்ந்த தரையில் நின்று பல் தேய்த்துவிட்டு, குளிர்ந்த தரையில் நடந்து வந்து படுத்தால், பாதத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும். உடம்பு சூட்டை வெளியே விட முடியாமல் புரண்டுகொண்டிருக்கும். தூக்கத்தின் வாசலைத் தரை சாத்திவிடுகிறது.

ஆகவே படுக்கையறையைக் கதகதப்பாக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், ஹீட்டர் பக்கம் போவதற்கு முன்னால் கட்டிலின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஜமக்காளத் துண்டு போடுங்கள் என்றுதான் சொல்வேன். பவானி ஜமக்காளமோ பத்தமடைப் பாயோ எதுவானாலும் சரி. கிரானைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பெங்களூரு நிற்பதே அதன் உறவுக்காரப் பாறைமேல்தான். லால்பாக் தோட்டத்துக் குன்றில் வெளியே தலைகாட்டும் அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. பழைய வீடுகளின் கல்தளமும் சிவப்பு ஆக்சைடு தரையும்கூடக் குளிர்ச்சியானவைதான். அந்த வீடுகளில் தரைமேல் எப்போதும் ஏதாவது ஒன்று விரித்துக் கிடந்தது. இப்போது பளபளக்கும் டைல்ஸை மறைக்க மனம் வருவதில்லை.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்காக இங்கே வந்து குடியேறும் தமிழர்களுக்கு இந்தக் குளிர் முதல் வருடம் அதிசயம், இரண்டாம் வருடம் தொந்தரவு. சென்னைக்கும் பெங்களூருக்கும் அட்சரேகையில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே 13 டிகிரி வடக்கை ஒட்டியவை. வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் மேலே இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிரும். போதாததற்குக் கடல் பக்கத்தில் இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் ஈரம் குறைவு, வானத்தில் மேகமும் குறைவு. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் தடையில்லாமல் வானத்துக்கு விட்டுவிடுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் பகல் உச்சத்துக்கும் விடியற்காலைக்கும் 13, 14 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஜனவரி மாத விடியலில் சராசரியாக 16 டிகிரி. இந்த நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8, அது 1884 ஜனவரி 13ஆம் தேதி. மிக அதிகம் 39.2, அது 2016 ஏப்ரல் 24. நூற்றுமுப்பது ஆண்டு இடைவெளியில் இருக்கும் அந்த இரண்டு எண்களும் சொல்வதைத் தனியாக விளக்க வேண்டாம்.

ஒரு படுக்கையறைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய கொடை இந்த இரவுக் குளிர்ச்சிதான். இயந்திரம் இல்லாமலே ஏப்ரலில் அறையைக் குளிர வைக்கவும், கொஞ்சம் துணியை வைத்தே ஜனவரியில் கதகதப்பாக்கவும் முடிகிற ஊர்கள் இந்தியாவில் அதிகமில்லை. அந்தக் கொடையை உள்ளே விடாமல் மறித்து நிற்கும்படி நாம் வீடு கட்டிக்கொள்கிறோம். பெங்களூரு படுக்கையறைகளின் குறை பெரும்பாலும் இதுதான்.

எந்த வெப்பநிலை சுகம்? இந்தக் கேள்விக்கு மேற்கத்தியப் பொறியியல் பல காலம் ஒரே பதிலை உலகம் முழுக்க விற்றது. 1941இல் அமெரிக்காவில் கேஜ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உடையின் கதகதப்பை அளக்க ‘க்ளோ’ என்றொரு அலகைக் கொண்டுவந்தார்கள். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்து சுகமாக இருந்தால் அவர் உடுத்தியிருப்பது ஒரு க்ளோ. நம் கதைக்கும் 21தான் தொடக்கம் என்பதைக் கவனியுங்கள். கோட்டு போட்டவருக்குச் சுகமான அதே அறையில் பனியனும் கைலியுமாக நிற்பவர் நடுங்குவார். அவர் உடம்பில் இருப்பது மூன்றில் ஒரு க்ளோ இருந்தால் அதிகம். பிறகு 1970இல் டென்மார்க்கின் போவ்ல் ஓலே ஃபாங்கர், காற்றின் சூடு, சுற்றுச் சுவர்களின் சூடு, காற்றோட்டம், ஈரப்பதம், உடை, உடம்பின் உழைப்பு என்று ஆறு காரணங்களையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். பெரிய சாதனை. ஆனால் கண்ணாடிக் கூண்டுபோன்ற சோதனை அறைக்குள் உட்கார்ந்த மாணவர்களிடம் எடுத்த கணக்கு அது. ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேனைப் போட்டு, வெயிலோடும் மழையோடும் பழகி வாழும் மனிதர்கள் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.

இந்தியர்களுக்கான கணக்கு தாமதமாக வந்தது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பெங்களூரு, சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களுக்குப் போய் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைச் சேகரித்தார்கள். அதிலிருந்து கிடைத்த விதி 2016இன் தேசியக் கட்டடக் கையேட்டிலும் இடம்பெற்றது. இயற்கைக் காற்றோட்டம் உள்ள கட்டடத்துக்கு விதி இது: கடந்த முப்பது நாளில் வெளியே நிலவிய சராசரி வெப்பநிலையை 0.54ஆல் பெருக்கி, 12.83ஐக் கூட்டுங்கள், வருவதுதான் அப்போதைய சுக வெப்பநிலை. பெங்களூருக்குப் போட்டுப் பார்த்தால் ஜனவரியில் 24.5ஐ ஒட்டி வருகிறது, ஏப்ரலில் 28. அலுவலகத்துக்கான கணக்கைப் படுக்கையறைக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மை. ஆனாலும் ஏசியை 18இல் வைத்துவிட்டு இரண்டு போர்வை போர்த்திக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு வீண் என்பதை அது சொல்லிவிடுகிறது.

ஃபாங்கரின் ஆறில் ஒன்று பலருக்கும் தெரியாதது: சுற்றுச் சுவர்களின் சூடு. அசையாத காற்றில் நம் உடம்பு காற்றுக்கு இழப்பதைவிட அதிகச் சூட்டைக் கதிர்வீச்சாகச் சுவருக்கும் கூரைக்கும் ஜன்னலுக்கும் அனுப்புகிறது. அவை குளிர்ந்திருந்தால் காற்று எத்தனை டிகிரி இருந்தாலும் உடம்பு குளிரும். அவை சூடாக இருந்தால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் புழுங்கும். டாப் ஃப்ளோரில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏப்ரல் மாதம், வெளியே எட்டு மணிக்கே காற்று இதமாக வீசுகிறது. அறைக்குள் மட்டும் பதினோரு மணிவரை அனல். ஆறு அங்குல காங்கிரீட் தளத்தின் வழியாக வெயில் கீழே இறங்கி வர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடி கொதித்ததன் பலன் மாலை ஆறு மணிக்கு அறையின் உட்கூரையில் தெரியும். அப்போது தொடங்கித் தளம் ஆற இன்னும் பல மணி நேரம். அதுவரை தோலைவிடச் சூடான ஒரு பரப்பின் கீழே நாம் படுத்திருக்கிறோம். ஃபேனோ அந்தக் கூரையை ஒட்டிய சூடான காற்றை வாரி நம்மேல் கொட்டுகிறது.

தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்து ‘வெதரிங் கோர்ஸ்’ போட்டது இந்த அனலுக்குத்தான். பெங்களூரில், இங்கே வெயிலா இருக்கிறது என்ற பழைய நம்பிக்கையில், நிறையக் கட்டடங்களில் அதை விட்டுவிட்டார்கள். இப்போது செய்யக்கூடிய மலிவான காரியம் மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பது. சாம்பல் நிறக் காங்கிரீட் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினால் அதிகம். புதிதாக அடித்த வெள்ளை முக்கால் பங்குவரை திருப்பும். மாடியில் தூசி படியப் படிய அந்தச் சக்தி குறைந்துகொண்டே வரும், ஆகவே ஆண்டுதோறும் பிப்ரவரியில் மறுபடி அடிக்க வேண்டும். அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினால் டாப் ஃப்ளோர்காரர்கள் மட்டுமே கை தூக்குவார்கள் என்பது வேறு விஷயம்.

வீட்டின் சுவரைப் பற்றிப் பெங்களூரிலேயே பல ஆண்டு வேலை நடந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் அமூல்ய ரெட்டி 1974இல் ‘அஸ்த்ரா’ என்ற மையத்தைத் தொடங்கினார். கிராமங்களுக்குப் பயன்படும் அறிவியல் அதன் நோக்கம். அங்கே கே.எஸ். ஜகதீஷும் அவருடைய சகாக்களும் மண்ணில் கொஞ்சம் சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் அழுத்தியில் இறுக்கிச் சுடாத மண்கட்டிகளை உருவாக்கினார்கள். கிராமத்துக்கென்று பிறந்த அந்தக் கட்டியால் பெங்களூரு நகரத்துக்குள்ளேயே பலர் விரும்பி வீடு கட்டிக்கொண்டார்கள். கனமான மண்சுவர் பகல் சூட்டைத் தாமதப்படுத்தும். களிமண் அறையின் ஈரத்தையும் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு, காற்று வறண்டதும் திருப்பித் தரும்.

ஜன்னலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான்கடிக்கு நான்கடி, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே 22, வெளியே 15 டிகிரி என்றால் அதன் வழியே சுமார் 60 வாட் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். தூங்கும் ஒரு மனிதர் வெளியிடும் சூடும் ஏறக்குறைய அதுதான். கட்டிலில் இருவர் படுத்திருந்தால் ஒருவருடைய உடல்சூடு முழுவதும் ஜன்னலுக்கே போய்விடுகிறது. அதோடு குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிய காற்று கனத்துக் கீழே இறங்கி, தரையோடு தவழ்ந்து வந்து கட்டிலைத் தொடும். ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது, பிறகும் எங்கிருந்து காற்று வருகிறது என்று தேடுகிறவர்கள் தேடுவது இந்தக் காற்றைத்தான். கனமான திரைச்சீலை, அதுவும் சுவரை ஒட்டித் தரைவரை தொங்குவது, கண்ணாடிக்கும் அறைக்கும் நடுவே அசையாத காற்றை நிறுத்திவைக்கும். ஜன்னலின் பாதியோடு நின்றுவிடும் அழகுத் திரை இதற்கு உதவாது.

இப்படிச் சாத்திக்கொண்டே போனால் வேறொரு சிக்கல் வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், பத்தடி உயரத்தில், 34 கனமீட்டர் காற்று இருக்கிறது. தூங்கும் இருவர் மணிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் கரியமில வாயு விடுகிறார்கள். முழுதாக அடைபட்ட அறையில் ஒவ்வொரு மணி நேரமும் பத்து லட்சத்தில் 700 பங்குக்கு மேல் அது கூடும். நல்லவேளையாகக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு என்று எந்த அறையும் கொஞ்சம் கசியும். ஆனால் ரப்பர் பட்டை வைத்த புதிய யுபிவிசி ஜன்னல்கள் அந்தக் கசிவையும் அடைத்துவிடுகின்றன. டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் விடுதி அறைகளில் கரியமில வாயு 2500 பங்கை ஒட்டி இருந்த இரவுகளையும் 1000க்குக் கீழே இருந்த இரவுகளையும் ஒப்பிட்டார்கள். புதுக்காற்று வந்த இரவுகளில் தூக்கமும் மேல், மறுநாள் வைத்த சிந்தனைத் தேர்வில் மதிப்பெண்ணும் மேல்.

பெங்களூரு இந்தப் பாடத்தை ஒருமுறை கசப்பாகக் கற்றது. 1898இல் பிளேக் இந்த ஊரை உலுக்கியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கடியான பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் புதிய குடியிருப்புகளுக்குப் போனார்கள்; பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வளர்ந்தது அப்படித்தான். சுவரின் உச்சியில் வென்டிலேட்டர் வைத்த அறைகளை அந்தப் பகுதிகளின் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். மேலே இருப்பதால் குளிர்காற்று படுத்திருப்பவர்மேல் நேரே விழாது, சூடான அழுக்குக் காற்று தானாக மேலே போய் வெளியேறிவிடும். இரவும் பகலும் திறந்திருந்தாலும் திருடன் வர முடியாது. இன்றைய ஃப்ளாட்டுகளில் வென்டிலேட்டர் குளியலறைக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

ஜன்னலைத் திறக்கச் சொன்னால் உடனே வரும் பதில் கொசு. அதற்கும் இந்த ஊரில் ஒரு பழைய கதை உண்டு. 1883இல் ரொனால்ட் ராஸ் என்ற இளம் ராணுவ மருத்துவர் பெங்களூருக்குப் பொறுப்பு மருத்துவராக வந்தார். அவருக்குக் கிடைத்த பங்களா பிடித்திருந்தது, கொசு மட்டும் பிடிக்கவில்லை. தன் அறையில் மட்டும் ஏன் இவ்வளவு என்று பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இப்படியே செய்யலாமே என்று ஓர் அதிகாரியிடம் சொன்னதற்கு, அது இயற்கையின் ஒழுங்கைக் கெடுப்பதாகும் என்று அவர் மறுத்துவிட்டாராம். ராஸ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பதினான்கு ஆண்டு கழித்து, 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்தவர் இவரே. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பூந்தொட்டித் தட்டுகளையும் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் பக்கெட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்ப்பது, ஜன்னலுக்கு வலை அடிப்பது, இந்த இரண்டும் செய்தால் இரவுக் காற்றைத் தைரியமாக உள்ளே விடலாம்.

காற்றுக்கு வழி விட்டபின் குளிருக்குப் பதில் சொல்ல வேண்டியது போர்வை. கம்பளி எதுவும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழு உண்மை இல்லை. தூங்கும்போது நம் தோலும் மூச்சும் ஒரு டம்ளர் தண்ணீரளவு ஈரத்தை வெளியே விடுகின்றன. ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அப்படி வாங்கும்போது நிஜமாகவே கொஞ்சம் சூடு வெளிப்படுகிறது. பாலியெஸ்டர் போர்வை காற்றைப் பிடித்துவைப்பதில் சளைத்ததில்லை, ஈரத்தை மட்டும் அதனால் வாங்க முடியாது. அதனால்தான் நள்ளிரவில் வியர்த்து, உதறி, மறுபடி குளிர்ந்து, மறுபடி இழுத்துப் போர்த்துகிறோம். கர்நாடகத்திலேயே சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே, குருபர்கள் நெய்யும் கறுப்புக் கம்பளிக்குப் பேர் போன ஊர். தக்காணத்து ஆட்டின் ரோமம் சொரசொரப்பானது, உடம்பில் நேரே பட்டால் அரிக்கும். உள்ளே ஒரு பருத்திப் போர்வையைச் சேர்த்துக்கொண்டால் ஜனவரி விடியலுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

மெத்தையிலும் இதே கதைதான். இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய். மெல்லிய சுவருக்குள் பெரும்பகுதி காற்று, வெளியே லேசான மெழுகுப் பூச்சு. எடையில்லாமல் கதகதப்பைத் தருவதும் சீக்கிரம் அமுங்கிப்போவதும் இதனால்தான். வெயிலில் போட்டு உதறினால் மறுபடி எழுந்துவிடும். அந்த வெயில் தூசுப்பூச்சிகளுக்கும் ஆகாது. காற்றில் ஈரம் பாதிக்கு மேல் இருந்தால்தான் அவை செழிக்கும். ஜூலை முதல் அக்டோபர்வரை பெங்களூரில் அவற்றுக்குக் கொண்டாட்டம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். ஷிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெங்களூரு 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி மின்விளக்கைப் பார்த்தது. அதுவரை இந்த ஊரின் விளக்குகள் இரவில் தந்தது தீயின் மஞ்சள் வெளிச்சத்தை மட்டுமே, அதுவும் கொஞ்சமாக. நம் கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பதை டேவிட் பெர்சன் குழு 2002இல் காட்டியது. அவை நீல வெளிச்சத்துக்கே அதிகம் அசைகின்றன. அவற்றுக்கு நீலம் என்றால் பகல். மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும், உடல்கடிகாரம் பின்னுக்குப் போகும்.

இந்தக் கடிகாரத்தை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் நம்மவர், எம்.கே. சந்திரசேகரன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களின் நேர உணர்வை ஆராய்ந்தார். கடிகாரமும் சூரியனும் தெரியாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எப்போது விழிக்கிறார்கள் என்றும் பார்த்தார். பிறகு பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு மையத்துக்கு வந்து அங்கேயும் இந்தத் துறைக்கு வேர் போட்டார். நம் உள்கடிகாரம் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். தினமும் அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம்தான்.

படுக்கையறையில் நாம் செய்யும் பெரிய அபத்தம் இங்கேதான் இருக்கிறது. எல்இடி பல்பு டப்பாவில் 6500கே என்று போட்டிருந்தால் அது நண்பகல் வானத்தின் நிறம். 2700கே அல்லது 3000கே என்றால் பழைய குண்டுபல்பின் மஞ்சள். கண்ணுக்கு ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிந்தாலும் அந்தப் பகல்-இரவு செல்களை மஞ்சள் பல்பு ஏறக்குறைய பாதிதான் எழுப்பும். தூங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே கண்ணில் படும் வெளிச்சம் அந்தச் செல்களின் அளவுகோலில் 10 லக்ஸுக்குள் இருக்கட்டும் என்று துறை நிபுணர்கள் கூடி 2022இல் பரிந்துரைத்தார்கள். உச்சியில் எரியும் ஒரு ட்யூப்லைட் அதைப்போல் பத்து மடங்கு கொட்டும். கடையில் பலரும் பளிச்சென்று இருக்கிறது என்று 6500ஐயே வாங்குகிறார்கள். சமையலறைக்குச் சரி. படுக்கையறைக்குத் தலையணை உயரத்தில் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு போதும்.

மஞ்சள் மங்கல் வெளிச்சம் ஏன் மனத்துக்கு இதமாக இருக்கிறது என்பதற்கு நல்ல விடை இன்னும் இல்லை. மங்கலான வெளிச்சத்தில் மஞ்சளே பிடிக்கும் என்று 1941இல் பிலிப்ஸ் ஆய்வகத்து க்ராய்ட்ஹாஃப் வரைந்த வளைகோட்டை விளக்கு வியாபாரிகள் இன்றும் காட்டுகிறார்கள். பின்னால் வந்த சோதனைகள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. சுவர் வண்ணம் பற்றிப் பெயிண்ட் கம்பெனிகள் சொல்லும் உளவியலை நான் இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். உங்களுக்குப் பிடித்த நிறத்தை அடியுங்கள்.

சத்தத்துக்கு மட்டும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டில் 1895இல் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சு ஒன்றும் புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்கும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகத் தூக்கி வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். அவருடைய சூத்திரத்தை நம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் போட்டால், வெறும் டைல்ஸும் பூச்சுச் சுவருமாக இருக்கும்போது ஒரு சத்தம் அடங்க இரண்டு வினாடிக்கு மேலாகிறது. மெத்தை, தலையணை, திரைச்சீலை, ஜமக்காளம் எல்லாம் வந்தபின் அரை வினாடி. குடிவந்த முதல் நாள் அறை அந்நியமாக ஒலிப்பதும், சாமான் இறங்கியதும் நம் வீடாகிவிடுவதும் இதனால்தான். ஆனால் தெருவிலிருந்து வரும் ஹாரனை இவை நிறுத்தாது. அதற்கு ஜன்னலின் இடுக்கையும் கண்ணாடியின் கனத்தையும் கவனிக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறுவரை 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன; பெங்களூரின் எந்தப் பெரிய சாலையோரத்திலும் அது சட்டப்புத்தகத்தில்தான் இருக்கிறது.

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வீடு மிக அழகாக இருக்கும் நேரத்தில், பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஒருமுறை இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடங்கள், படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள், கதவைச் சாத்திவிட்டு ஒரு கைதட்டுத் தட்டுங்கள். உச்சியில் வென்டிலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். டாப் ஃப்ளோராக இருந்தால், மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்துத் தர முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.